நீ நலமாயிருந்தால் நல்லது

மோகன்குமார் தன்னுடைய சாவுச் செய்தியைத் தானே அச்சடித்து, தானே அஞ்சல் தலை ஒட்டி, அன்னூர் தபால் பெட்டியில் தானே போட்டுவிட்டு வந்தார். போடும்போது அவருக்கு அது தெரியாது. அக்காவுக்கு நலம் விசாரித்து ஒரு கடிதம் எழுதியிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா ராசாத்தாள் ஆர்.எஸ்.புரத்தில் மகன் சபரீஷோடு இருந்தாள். அன்னூருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் இருந்த மோகன்குமாருக்கு அது ஒரு மணி நேரப் பயணம். ஆனாலும் இருவரும் பேசி ஆறேழு வருடமாகிவிட்டது.

காரணம் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சண்டை நடந்திருந்தால்கூடத் தேவலை. கூட வேலை பார்த்த சாய்ப்ரியாவைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சபரீஷ் சொன்னான். வீட்டில் தெலுங்கு பேசும் நாயுடு பெண். சொந்தக்காரர்கள் அக்கா வீட்டில் கூடினார்கள். சித்தப்பா காளிச்சாமி நடுவில் நின்று கத்தினார். அக்கா சித்தப்பாவைப் பார்க்கவில்லை, தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் இல்லாத வீடு. தாய்மாமன் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் மற்ற வாயெல்லாம் தானாக அடங்கும். காது குத்தும்போது சபரீஷை மடியில் வைத்திருந்தவர் அவர்தானே.

மோகன்குமாருக்கு அந்தக் கல்யாணத்தில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. வாய்தான் வரவில்லை. நாலு பேர் கூடிவிட்டால் அவர் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், சின்ன வயதிலிருந்தே அப்படி. டம்ளரில் காபி ஆடை படிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாமங்காரனே வாயத் தொறக்கல. அப்பறம் நமக்கென்னங்க பேச்சு?" என்று சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொருவராக எல்லாரும் கிளம்பினார்கள். மோகன்குமாரும் கிளம்பினார். கல்யாணத்தன்று அக்காவின் பக்கத்தில் நிற்கப் பிறந்த வீட்டு ஆள் ஒருத்தர்கூட இல்லை. அதற்குப் பிறகு அவர் போன் செய்தால் அக்கா எடுப்பதில்லை.

அவர் பேசாத நேரத்தையெல்லாம் படித்துக் கழித்தார். கல்லூரியில் வரலாறு படித்த பழக்கம். கோயமுத்தூர் போனால் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு கட்டு வாங்காமல் திரும்ப மாட்டார். அப்படி வந்த, அட்டை போன ஒரு புத்தகத்தில்தான் அந்த வரியைப் பார்த்தார்.

ரோமாபுரிக்காரர்கள் கடிதத்தை எப்படித் தொடங்குவார்கள் என்று அதில் ஒரு பகுதி இருந்தது. முதலில் எழுதுகிறவன் தன் பெயரைப் போடுவான். அடுத்துப் பெறுகிறவர் பெயர். அப்புறம் லத்தீனில் ஒரு வாக்கியம்: 'சி வாலேஸ், பெனெ எஸ்ட், எகோ வாலேயோ.' நீ நலமாயிருந்தால் நல்லது, நான் நலமாயிருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக எல்லாரும் இதையே எழுதி எழுதி, கடைசியில் முழு வாக்கியத்தை எழுதுவதையே விட்டுவிட்டார்களாம். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் போடுவார்கள். எஸ், வி, பி, இ, இ, வி. படிக்கிறவருக்குப் புரிந்துவிடும்.

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊரிலும் 'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் எழுதினோம். ஆனால் அதில் தன் நலம் முதலில் வந்துவிடுகிறது. ரோமாபுரிக்காரனோ மற்றவருடைய நலத்தை முதலில் வைக்கிறான். அதிலும் 'இருந்தால்' என்கிறான். அந்த 'இருந்தால்' அவரைப் பிடித்துக்கொண்டது. ஓலை கப்பலேறிப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பக்கம் என்ன ஆகியிருக்குமோ என்று தெரியாதவன் சொல்கிற சொல் அது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று தனக்கு மட்டும் தெரியுமா என்ன? முட்டி வலி இன்னும் இருக்கிறதா? சபரீஷுக்குப் பெண் குழந்தை பிறந்ததுகூட ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ யாரிடமோ சொல்லிக் காதில் விழுந்ததுதான்.

போனை எடுக்காதவள் கடிதத்தைப் படிக்காமலா போவாள்?

அவருடைய கையெழுத்தை அவராலேயே இரண்டாம் தடவை படிக்க முடியாது. அதனால் அன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த தாரிக்கிடம் போய் ஒரு கார்டாக அடித்துத் தரச் சொன்னார். ரோமாபுரி முறை இம்மி பிசகக் கூடாது என்று அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. மரச்சட்டம் போட்ட மெழுகுப் பலகையில் அவர்கள் எழுதுவார்கள் என்று புத்தகத்தில் படம் இருந்தது.

"சுத்தியும் பட்டையா ஒரு கட்டம் கட்டுங்க தாரிக். கறுப்புல."

"கறுப்பா? ரோஸ் கலர்ல பூ பார்டர் இருக்குதுங் சார். பார்க்க லட்சணமா இருக்கும்."

"மெழுகுப் பலகை கறுப்பாத்தான் இருக்கும்."

"எந்தப் பலகைங்?"

"ரோம்ல."

தாரிக் மேலே கேட்கவில்லை. சாருக்கு ஏதாவது ஒரு ஊர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

கட்டத்தின் தலையில், வழக்கமாகப் பிள்ளையார் சுழி இருக்கும் இடத்தில், ஆறு எழுத்தும் உட்கார்ந்தன. சுழியும் எழுத்தும் சேர்ந்து நெருக்கியடித்தன. சுழியை எடுத்துவிடச் சொன்னார். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'மோகன்குமார்' என்று தன் பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் 'தன் அக்கா ராசாத்தாளுக்கு எழுதுவது'. பிறகு அந்த லத்தீன் வரியின் அர்த்தம். கடைசியில், பல நாள் யோசித்து வைத்திருந்த மூன்று வரிகள். 'அன்று நான் பேசியிருக்க வேண்டும். சபரீஷ் கல்யாணம் எனக்குச் சம்மதம். உன் வீட்டுக்கு நான் வரலாமா?'

தபால் பெட்டிக்குள் கார்டு விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டது. திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். மனைவி மரகதத்திடம்கூடச் சொல்லவில்லை. பதில் வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தார்.

பதில் ஒரு திங்கட்கிழமை வந்தது. காரில் வந்தது.

மரகதம் அவிநாசிக் கோயிலுக்குப் போயிருந்தாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்துவிட்டுப் போயிருந்தாள். மோகன்குமாரின் போன் எப்போதும்போல் சத்தமில்லாமல் எங்கேயோ தலையணைக்கு அடியில் கிடந்தது. அவர் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தார். வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே ஓர் அலறல்.

"என்ற சாமீ... என்ற மவராசா... அக்கா வார வரைக்கும் பொறுக்கலையா உனக்கு?"

ரோட்டில் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்றுதான் நினைத்தார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"மோகா... டேய் மோகா..."

அவர் கால் நின்றுவிட்டது. மோகா என்று அவரைக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

ஜன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்தார். வாசலில் அக்கா. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. நடக்கத் தெம்பில்லாமல் வாசல் மண்ணிலேயே உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் சித்தப்பா காளிச்சாமி. வழியில் கோவில்பாளையத்தில் அவரை ஏற்றிக்கொண்டிருப்பாள் போல. அவருடைய மகன்களும் மருமகள்களும் ஒரு வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகமும் தரையைப் பார்த்தது. சித்தப்பாவின் கையில் ரோஜா மாலை, ஆள் உயரத்துக்கு.

சபரீஷுக்கு என்னவோ ஆகிவிட்டது. முதலில் தோன்றியது அதுதான். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பேசாதவன், பேசாதவன்னு உன்னைச் சொன்னனே... பேசாம இருந்தவ நானல்லோ! நீ அடிச்ச போனையெல்லாம் கையில வெச்சுப் பாத்துட்டே இருந்தனே சாமி, எடுக்கலயே! அந்தப் பொட்டப் புள்ளைக்கு உன்ற மூக்குடா. அச்சா உன்ற மூக்கு. பாக்காமயே போய்ச் சேந்துட்டயே..."

சித்தப்பா போனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசினார். "ஐஸ் பொட்டி அன்னூர் தாண்டிருச்சா? பேரா? மோகன்குமாருன்னு சொல்லு. தோட்டத்துக்குள்ள வண்டி வரும்."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்த மாலை தனக்கு. அந்தப் பெட்டி தனக்கு. அக்கா அழுவது தன்னை.

உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், ஏன் என்று தெரியவில்லை. இருபதடி தள்ளித் தனக்கு ஒப்பாரி நடக்கிறது, தான் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு நிமிடம், தான் உயிரோடுதான் இருக்கிறோமா என்றே சந்தேகம் வந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் விரலில் ஒட்டியது.

உடனே வெளியே ஓடியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அவர் ஓடவில்லை. அத்தனை வருடமாக ஒரு வார்த்தை பேசாத அக்கா பேசிக்கொண்டிருந்தாள். செத்த தம்பியிடம் பேசுகிறாள். உயிரோடு போய் நின்றால் எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு, காரில் ஏறிப் போய்விட மாட்டாள் என்று என்ன நிச்சயம்? இன்னும் கொஞ்சம் கேட்டுவிடலாமே என்று இருந்தது. அந்த நினைப்பே அவரைத் திடுக்கிட வைத்தது. இப்போதும் திரைக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம். அன்றைக்குக் காபி டம்ளர், இன்றைக்கு ஜன்னல் திரை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

முதலில் பார்த்தவர் சித்தப்பா. மாலை கையிலிருந்து நழுவி அவர் கால்மேலேயே விழுந்தது. "ஆத்தா... மாசாணியாத்தா..." என்று ஓரடி பின்னால் போனார். ஒரு மருமகள் வீறிட்டாள். கார் டிரைவர் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அக்கா அழுகையைப் பாதியில் நிறுத்தித் தலையைத் தூக்கினாள். திறந்த வாய் மூடவில்லை. கையை ஊன்றி மெல்ல எழுந்து, ஒவ்வொரு அடியாக வைத்து அவரிடம் வந்தாள். கன்னத்தைத் தொட்டாள். காதைத் தொட்டாள். மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். அவர் மூச்சு விட்டார்.

அடுத்து, ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"கெரகம் புடிச்சவனே! உசுரோட இருந்துட்டா சாவுக் கார்டு போட்ட?"

"சாவுக் கார்டா? நானு நலம் விசாரிச்சுல்லக்கா எழுதினேன்."

"நலமா? கறுப்புல கட்டம் கட்டி, தலைல ஒரு சுழியில்லாம, உள்ள கொட்டை எழுத்துல உன்ற பேரு. அதுக்குப் பேரு நலமாடா?"

அவருக்கு அப்போதுதான் அந்தக் கார்டு கண்முன் வந்தது. ரோமாபுரிக் கண்ணோடு இல்லாமல், வேறு கண்ணோடு. கறுப்புக் கட்டம். சுழியில்லாத தலை. நடுவில் பெயர். நம் ஊரில் சுழியில்லாமல் ஒரு காகிதம் வருவது எதற்கென்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

"அது மெழுகுப் பலகைங்க்கா. ரோமாபுரில அப்படித்தான் எழுதுவாங்க. பேரு மொதல்ல வரும். மேல ஆறு எழுத்து, லத்தீனு. நீ நல்லா இருந்தா நல்லது, நானும் நல்லா இருக்கறேன்னு அர்த்தம்."

"ஏனுங் சித்தப்பா, கேட்டீங்களா? இவன் நல்லா இருக்கறானாம். ரோமாபுரில இருந்து தகவல் வந்திருக்குது."

சித்தப்பாவுக்கு இப்போதுதான் குரல் திரும்பியிருந்தது. "நானு பாதி ஊருக்குச் சொல்லிப்போட்டன்டா! பந்தக்காரன் வாரான், பறையடிக்கறவங்களுக்கு ஆள் போயிருக்குது. இப்ப நான் அவங்களுக்கு என்ன சொல்றது? செத்தவன் வேண்டாங்கறான்னு சொல்றதா?"

"படிச்சுப் பார்த்திருக்கலாமில்லங்க்கா," என்றார் மோகன்குமார் மெதுவாக. "கீழே எழுதியிருந்தனே."

"எங்கடா படிக்கறது? சாவுக் கார்டை ஊட்டுக்குள்ள கொண்டு போவாங்களா? கேட்டுகிட்டயே வாங்கினேன், உன்ற பேரைப் பார்த்தேன், கண்ணு இருட்டிப் போச்சு. நின்ன எடத்துலயே கிழிச்சுச் சாக்கடைல போட்டுட்டுத் தலைக்குத் தண்ணி வாத்துட்டு வாரேன். பாரு, தலை இன்னும் ஈரம்."

நரைத்த முடி உண்மையாகவே இன்னும் ஈரமாக ஒட்டிக்கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பல நாள் யோசித்த மூன்று வரி, ஆர்.எஸ்.புரத்துச் சாக்கடையில். இனி அது எங்கேயும் எழுத்தில் இல்லை.

"மரகதம் எங்கடா?" என்று அக்கா திடீரென்று கேட்டாள்.

"அவிநாசிக்குப் போயிருக்கறா. இப்ப வந்துருவா."

"அய்யய்யோ!" அக்கா வாயில் அடித்துக்கொண்டாள். "கோயிலுக்குப் போனவ வந்து வாசல்ல மாலையும் பொட்டியும் பார்த்தான்னா அங்கயே உழுந்துருவாளே! சித்தப்பா, அந்தப் பொட்டிக்காரனை ரோட்டுலயே நிறுத்தித் திருப்பி அனுப்புங்க. டேய், மாலையை எங்கயாச்சும் மறைங்கடா!"

சித்தப்பாவின் மகன் மாலையைச் சுருட்டிக்கொண்டு ஓடி மாட்டுக் கொட்டகைக்குள் எறிந்தான். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ரோஜாக்களைத் தின்ன ஆரம்பித்தது. சித்தப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இல்லைங்க, ஆள் இருக்கறாருங்க... ஆமாங்க, நல்லா இருக்கறாருங்க... வெளையாட்டு இல்லைங்க," என்று மன்றாடிக்கொண்டே தோட்டத்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

அக்கா கொண்டையை அள்ளி முடிந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்த பிறகு அவள் முகம் மாறியது. பழைய முகம், போனை எடுக்காத முகம். மோகன்குமார் அது வருவதைப் பார்த்தார். பயந்தது சரியாகத்தான் போயிற்று.

"சரி. இருக்கறயல்லோ. அது போதும். நானு வாரேன்," என்று திரும்பினாள்.

"அக்கா."

நின்றாள். திரும்பவில்லை.

"கார்டுல கீழே எழுதியிருந்தேன்."

"என்ன எழுதியிருந்த?"

அவர் வாயைத் திறந்தார். சுற்றிலும் நின்றார்கள், அதே சித்தப்பா, அதே மகன்கள், அதே மருமகள்கள். அன்றைக்கு அக்கா வீட்டில் நின்ற கூட்டம், ஒரு ஆள் குறையாமல், இன்று அவர் வாசலில். அவருடைய சாவுதான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. கோழி ஒன்று மண்ணைக் கிளறுகிற சத்தம் கேட்டது. மாடு மெல்லுகிற சத்தம் கேட்டது.

அக்கா பொறுத்துப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் கையில் திணித்தாள்.

"என்ட்டச் சொல்ல வேண்டாம். சபரீஷ்கிட்டச் சொல்லு. ஆபீஸ்ல இருந்து ஊட்டுக்குப் போயி, பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டு உன்ற சாவுக்குத்தான் வந்துட்டு இருக்கறான். இவங்க எல்லாரும் கேக்கட்டும். சொல்லாட்டி இப்பவே திரும்பிப் போகச் சொல்லிப்போடறேன். இனி எந்தக் கார்டும் எனக்குப் போடாத."

மணி இரண்டு தடவை அடித்தது.

"அத்தை, அழாதீங்க அத்தை," என்றது ஒரு பெண் குரல். சாய்ப்ரியாவாகத்தான் இருக்க வேண்டும். அவர் அந்தக் குரலை இதுவரை கேட்டதில்லை. "சரவணம்பட்டி தாண்டிட்டோம். அவர்தான் ஓட்டறார். மாலை வாங்கிட்டோம். வேற எதாச்சும் வாங்கணுமா?"

மோகன்குமார் போனைப் பார்த்தார்.

"அத்தை? யாருங்க, லைன்ல யாருங்க?"

"நானு... மோகன்குமாரு."

அந்தப் பக்கம் ஒரு சின்ன அலறல், பிரேக் கிறீச்சிடும் சத்தம், பின்னால் வந்த வண்டியின் ஹாரன், ஒரு குழந்தை அழ ஆரம்பிப்பது, எல்லாம் வரிசையாகக் கேட்டன. கடைசியில் சபரீஷின் குரல், சிறுபையனுடைய குரல்போல.

"மாமா?"

"ஆமாஞ் சாமி. நான்தான். உசுரோடதான் இருக்கறேன். தப்பா ஒரு கார்டு போட்டுட்டேன்."

"மாமா... மாமா..." என்று அவன் விசும்பினான். அக்கா அவரைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நல்லா இருந்தா நல்லது," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சித்தப்பா இருந்த பக்கம் திரும்பி, சத்தமாகச் சொன்னார். "உன்ற கல்யாணம் எனக்குச் சம்மதஞ் சாமி. அன்னைக்கும் சம்மதந்தான். மாமன் நான் சொல்றேன். இதை நானு அன்னைக்கே உங்கம்மா ஊட்டுல எந்திரிச்சு நின்னு சொல்லியிருக்கோணும்."

சித்தப்பா வாயைத் திறந்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செத்துப் பொழச்சவங்கிட்ட யாரு பேசறது," என்று முனகிவிட்டு நகர்ந்தார்.

போனில் குழந்தையின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேலே சபரீஷ் பேசினான்.

"மாமா, நாங்க சாவுக்குன்னு கிளம்பிட்டோம். இப்ப... இப்ப அங்க வரலாங்களா?"

அதைத்தான் அவர் கார்டில் கடைசி வரியாக எழுதியிருந்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லுடா. மறுபடியும் ஊமையாகாத."

"வாங்க," என்றார் அவர். "மூணு பேரும் வாங்க."

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏ சாய்ப்ரியா, அழுகாத அம்மணி. அந்த மாலையத் தூக்கி ரோட்டோரம் எறிஞ்சுபோடு, மறந்து உள்ள கொண்டாந்துறாத. புள்ளைய இடுப்புல வெச்சுட்டு வா. கிழவன் மூக்கைப் பார்க்கோணும்ங்கறான்."

அப்படி அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. தோட்டத்து வாசலில் யாரோ வருகிற காலடிச் சத்தம் கேட்டது. மரகதம் பிரசாதப் பையோடு நின்று, வாசல் நிறைய நிற்கிற ஆட்களையும் மண் ஒட்டிய சேலையோடு நிற்கிற நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்து, முகம் வெளுத்து, "ஏனுங்க... யாருக்கு என்னங்க ஆச்சு?" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை," என்று ராசாத்தாள் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அல்லாரும் நல்லா இருக்கறம் கண்ணு. நீ உள்ள வா."